58 சிசி என்று எழுதியிருந்த மிஷினும் 16 அங்குல பாரும்

போன புதன்கிழமை சாயங்காலம் கடைசிச் சவுக்குக் கட்டையை அறுத்துப் போட்டுவிட்டு செயின் சாவை, அதாவது பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கிற மிஷினை அணைத்தேன். நாலு டன், இரண்டரை நாள். நடுவில் ஸ்டார்டர் கயிறு அறுந்துபோகவில்லை, செயின் கழன்று விழவில்லை, மன்னார்குடிக்கு வண்டியை விரட்டவில்லை. ஏழு வருஷமாக விறகு அறுக்கிறேன், இப்படி ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது இதுதான் முதல் தடவை. மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

எங்களுக்கு வருஷத்துக்கு எட்டு ஒன்பது டன் விறகு வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் இரண்டையும் வீட்டிலேயே அவித்து, காயவைத்து, அரைத்து விற்கிறோம். ஒரு அவியலுக்கு அஞ்சு மூட்டை நெல். தேங்காய் மட்டையும் பாளையும் பற்றவைக்கத்தான் ஆகும். நின்று எரிய சவுக்கு வேண்டும், இல்லையென்றால் கருவேலம். தோப்பிலிருந்து நாலடிக் கட்டையாக வந்து இறங்கும். எங்கள் அடுப்பு வாய்க்கு 16 அங்குலத்துக்கு மேல் போனால் கதவு மூடாது. ஆக ஒரு கட்டைக்கு இரண்டு வெட்டு. முன்பு கோடாலிக்கு ஆள் கிடைத்தார்கள், இப்போது இல்லை.

மிஷின் வாங்கும் எண்ணம் வந்தது கஜா புயலுக்கு அப்புறம். 2018 நவம்பர் 16 விடியற்காலை அது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறிப் போன பிறகு, எங்கள் பக்கம் நின்ற மரத்தைவிட விழுந்த மரம் அதிகம். எங்கள் கொல்லையில் மட்டும் 34 தென்னை, இரண்டு வேம்பு, ஒரு வாகை. அறுக்கிற ஆட்கள் வெளியூரிலிருந்து மிஷினோடு வந்தார்கள். அவர்களைப் பிடிக்க முடியவில்லை, பிடித்தாலும் கேட்ட கூலி கொடுக்க முடியவில்லை. டிசம்பரில் நானே ஒன்று வாங்கினேன். பெட்டியில் பெரிதாக '58 சிசி, 22 அங்குலம்' என்று போட்டிருந்தது. சிசி இன்ஜினின் அளவு, அங்குலம் பாரின் நீளம். செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடுதான் பார். விலை 8,200 ரூபாய். அதே கடையில் 32 சிசி மிஷின் ஒன்று அதைவிட இரண்டு மடங்கு விலையில் இருந்தது. சிசி பாதி, விலை இரண்டு மடங்கு, இதை எவன் வாங்குவான் என்று நினைத்துக்கொண்டே பில் போட்டேன்.

முதல் இரண்டு நாள் அது ராஜா. தென்னையில் வெண்ணெயில் போவதுபோல இறங்கியது. தென்னை வெளிவட்டத்தில்தான் கெட்டி, உள்ளே போகப் போகப் பஞ்சு. அதனால் எந்த மிஷினும் அதில் நன்றாக அறுப்பதுபோலத்தான் தெரியும். சேற்றில் விழுந்து கிடந்த மரத்தைப் புரட்டாமல் அப்படியே அறுத்ததில் அடியில் இருந்த மணலைச் செயின் தின்றது. மூன்றாவது நாளே அறுபடும் இடத்தில் புகை. பல் மழுங்கியிருக்கிறது என்று தெரியாமல், பலம் போதவில்லை என்று நினைத்து மேலே சாய்ந்து அழுத்தினேன். இடுப்பு வலிதான் மிச்சம்.

2019 சித்திரையில் சவுக்கு அறுக்கும்போது 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வந்து அப்படியே நின்றுபோனது. கயிறு இழுபடவே இல்லை. பவர் ஸ்பிரேயர், களைவெட்டி எல்லாம் பார்க்கிற மன்னார்குடி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். சைலன்சரின் இரண்டு போல்ட்டைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே காட்டினார். பிஸ்டனின் பக்கத்தில் மேலிருந்து கீழாக நகத்தால் பிராண்டினதுபோலக் கோடுகள்.

"ஆயில் எவ்வளவு ஊத்துனீங்க?"

"லிட்டருக்கு இருபது மில்லி. 50க்கு 1னு சொன்னாங்களே."

"என்ன ஆயில்?"

"பங்க்ல வாங்குன 2டி."

"அண்ணே, மிஷின் தானா சாவல. நீங்கதான் கொன்னுட்டீங்க."

இந்த மிஷினுக்குப் பெட்ரோலில் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். 50க்கு 1 என்பது அதற்கென்று விற்கிற உயர்தர ஆயிலுக்கான கணக்கு. என் மிஷினோடு வந்த கலவைக் குப்பியில் 25க்கு 1 என்றுதான் கோடு போட்டிருந்தது. அதாவது லிட்டருக்கு 40 மில்லி. புகை அதிகமாக வருகிறதே என்று நானாகப் பாதியாகக் குறைத்தேன். குறைத்ததும் நான், மட்டமான ஆயில் ஊற்றியதும் நான்.

சிலிண்டரைக் கழற்றியதால் ஒரு நன்மை. பட்டறையில் வெர்னியர் இருந்தது, அளந்தேன். சிலிண்டர் விட்டம் 45.2 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 34. பெருக்கிப் பார்த்தால் 54.5 சிசி. பெட்டியில் போட்டிருந்த 58 எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மூன்றரை சிசி பெரிய விஷயமில்லை. முதல் பக்கத்திலேயே பொய் சொல்கிறவன் உள்ளே போட்ட இரும்பைப் பற்றி என்ன சொல்லியிருப்பான் என்பதுதான் கேள்வி. பிஸ்டன், சிலிண்டர் செட் 1,400 ரூபாய், கூலி 500.

மெக்கானிக் தம்பி அன்று சொல்லிக்கொடுத்த இன்னொன்று பழைய மிஷின் வாங்குகிற எல்லோருக்கும் உதவும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்டர் கைப்பிடியை மட்டும் பிடித்து மிஷினைத் தூக்குங்கள். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருந்தால் மிஷின் கயிற்றில் தொங்கிக்கொண்டு, விட்டு விட்டு மெதுவாகத்தான் இறங்கும். சரசரவென்று தரைக்கு வந்துவிட்டால் விலை பேசவே வேண்டாம்.

அதற்கப்புறம் நான் செய்த ஒரே உருப்படியான வேலை பாரை மாற்றியது. 22 அங்குல பாருக்கு 86 கண்ணிச் செயின், அதில் 43 வெட்டும் பல். 2020இல் அதைக் கழற்றிவிட்டு 18 அங்குல பாரும் 72 கண்ணிச் செயினும் போட்டேன், 1,350 ரூபாய். தீட்ட வேண்டிய பல் 36 ஆனது. இன்ஜின் அதேதான், ஆனால் வேறு மிஷின் வாங்கியதுபோல இருந்தது. நீளம் குறைந்ததும் உரசல் குறைந்தது, அந்தச் சின்ன ஆயில் பம்பு தள்ளுகிற ஆயில் பார் நுனி வரை போய்ச் சேர்ந்தது, முன்பக்கம் தொங்குவதும் நின்றது.

ஆயில் பம்பையும் நானேதான் கெடுத்தேன். செயினுக்குக் கழிவு ஆயில் ஊற்றுவது எங்கள் பக்கம் வழக்கம். டிராக்டரில் வடித்த கறுப்பு ஆயில், காசில்லை. அதில் இரும்புத்தூளும் கரியும் இருக்கும். 2023இல் பம்பு அடைத்து, பார் நீலம் பாய்ந்து, செயின் துளி ஆயிலும் இல்லாமல் ஓடியிருக்கிறது. இப்போது இருப்பதிலேயே மலிவான புது 20டபிள்யூ40 இன்ஜின் ஆயில்தான் ஊற்றுகிறேன். பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் ஆயிலும் நிரப்பிவிட்டு, பார் நுனியை ஒரு வெள்ளைக் கட்டைக்கு நேரே நாலு விரற்கடை தள்ளிப் பிடித்து ஆக்ஸிலேட்டரை அழுத்துவேன். கட்டையில் கோடு போட்டதுபோல ஆயில் தெறிக்க வேண்டும். தெறிக்காமல் வெட்டு ஆரம்பிப்பதில்லை.

பம்பும் போனதும் அடுத்தது நல்லதாக, தொழில்முறை மிஷினாகவே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். நடுவில் சித்தப்பா மகனின் கரண்ட் வாளையும் ஒரு நாள் கடன் வாங்கிப் பார்த்தேன். வீட்டு லைனில் 30 மீட்டர் ஒயர் இழுத்து, ஊரெல்லாம் மோட்டார் ஓடும் நேரத்தில் போட்டால் அது முனகுகிறது. வீட்டோரத்துக் கிளைக்குச் சரி. சவுக்குக் குவியலுக்கு ஆகாது.

எங்கள் ஊரில் மரம் வெட்டுகிற மாமா ஒருவர் ஸ்டில் (Stihl) கம்பெனியின் எம்எஸ் 382 மிஷின் வைத்திருக்கிறார். 72.2 சிசி, 3.9 கிலோவாட், பாரும் செயினும் இல்லாமல் 6.2 கிலோ. அதில் 25 அங்குல பார். "அரை நாள் அறுத்துப் பாரு மாப்ள, அப்புறம் வாங்கு" என்று கொடுத்தார். இந்தப் பெருந்தன்மைதான் எனக்கு 30,000 ரூபாய் மிச்சப்படுத்தியது. கைக்கு வந்ததும் முதலில் நெல் தராசில் வைத்தேன். பெட்ரோலும் ஆயிலும் நிரம்பிய நிலையில் 8.6 கிலோ. வாகை அடிமரத்தில் வைத்தபோது சிரிப்பே வந்துவிட்டது. நான் அரைமணி போராடிய மரம், அது நாலு மூச்சில் முடித்தது. ஆனால் சவுக்குக் கட்டைக்கு வந்ததும் கதை மாறியது. அஞ்சங்குலக் கட்டையை ஒரு நொடியில் அறுத்துவிட்டு, அடுத்த கட்டையை எடுத்து வைக்கும் வரை அந்த எட்டரைக் கிலோவையும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நேரம் போனது அறுப்பதில் இல்லை, எடுத்து வைப்பதில். பதினோரு மணிக்குத் தோள்பட்டை விட்டுப்போனது.

அன்று மத்தியானம் செய்ததை 2018லேயே செய்திருக்க வேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு குவியலுக்குப் போய், கைக்கு வந்த 60 கட்டையின் விட்டத்தை அளந்து நோட்டில் எழுதினேன். ஆறு அங்குலத்துக்குள் 47. ஆறிலிருந்து பத்துக்குள் 11. பத்துக்கு மேல் இரண்டே இரண்டு, அதுவும் வேம்பு. இந்தக் குவியலுக்கா நான் 22 அங்குல பாரைத் தூக்கித் திரிந்தேன்? 16 அங்குலமே தாராளம்.

இரண்டாவது கணக்கு மணி. ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 60 கட்டை, 120 வெட்டு. மிஷின் ஓடுகிற நேரம் மட்டும் ஒன்றேகால் மணி. எட்டு ஒன்பது டன்னுக்கும் சொந்தமாக விழும் மரத்துக்கும் சேர்த்து வருஷத்துக்கு 15 மணி நேரத்துக்குள். மாமா இதை இரண்டு மூன்று நாளில் ஓட்டிவிடுவார்.

தஞ்சாவூர்க் கடையில் விற்பனையில் இருந்தவர் 382ஐத்தான் எடுத்து நீட்டினார். தொழில்முறை மிஷினுக்கும் மற்றதுக்கும் என்ன வித்தியாசம் என்று மெக்கானிக் தம்பியிடம் முன்னாலேயே கேட்டு வைத்திருந்தேன். 382இன் கிராங்க் கூடு மெக்னீசியம் வார்ப்பு. சிலிண்டர் தனியாகக் கழன்று வரும், திரும்பத் திரும்பப் பிரித்துக் கட்டலாம். எம்எஸ் 250 போன்ற பண்ணை வகையில் வெளிக்கூடு பிளாஸ்டிக், இன்ஜினே அதற்குள் உட்கார்ந்திருக்கும், பிஸ்டன் மாற்ற வேண்டுமென்றால் முழுதாக வெளியே எடுக்க வேண்டும். தினமும் ஆறு மணி நேரம் ஓடி, இரண்டடி மரம் அறுக்கிறவருக்கு இந்த வித்தியாசம் சோறு போடும். வருஷத்துக்கு 15 மணி ஓட்டுகிறவனுக்கு அது வெறும் கனம்.

கடைசியில் எம்எஸ் 250 எடுத்தேன். 45.4 சிசி, 2.3 கிலோவாட், 4.6 கிலோ. 16 அங்குல பாரோடு எல்லாம் நிரப்பித் தராசில் வைத்தால் ஆறு கிலோ. 2024 தையில் நான் கொடுத்தது 34,500 ரூபாய். தொழில்முறை மிஷின் தேடிப் போனவன் பண்ணை மிஷினோடு திரும்பினேன், வருத்தமில்லை. ஒன்றை மட்டும் வாங்குமுன் உறுதி செய்துகொண்டேன். ஸ்டார்டர் ஸ்பிரிங், கார்புரேட்டர் டயாபிரம் (உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வு), கிளட்ச் டிரம், செயின் இந்த நாலும் மன்னார்குடியில் அன்றைக்கே கிடைக்குமா என்று தம்பியிடம் போன் போட்டுக் கேட்டேன். கிடைக்கும் என்றார். இல்லை என்று சொல்லியிருந்தால் வேறு மிஷின் வாங்கியிருப்பேன்.

நல்ல மிஷின் வந்துவிட்டால் தப்பு நின்றுவிடுமா? முதல் மாதமே செயினைத் திருப்பி மாட்டினேன். கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுவிட்டு அறுத்தால் புகைதான் வருகிறது, வெட்டு இறங்கவில்லை. மிஷினைத் திட்டிக்கொண்டே பத்து நிமிஷம் அழுத்தினேன். அம்மா வாசலில் நெல் கிண்டிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, "அருவாமனைய முதுகுப் பக்கம் வெச்சு நறுக்குனா அறுபடுமா?" என்றார். குனிந்து பார்த்தால் பல்லெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பாரின் மேல்பக்கத்தில் பல்லின் கூர் நுனியை நோக்கி இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டாவது தப்பு பெட்ரோல். மழைக்கு முன்னால் டேங்கில் கால் லிட்டர் கலவையை விட்டுவிட்டு மூடிவைத்தேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, ஈரத்தை இழுக்கும். தையில் எடுத்தால் மிஷின் பற்றுகிறது, ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் சாகிறது. டயாபிரம் காய்ந்த அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. கிட்டும் கூலியுமாக 650 ரூபாய். இப்போது அன்றன்றைக்கு ஒரு லிட்டர் மட்டும் கலக்கிறேன், கம்பெனி ஆயில் 20 மில்லி. வேலை முடிந்ததும் டேங்கை வடித்துவிட்டு, தானாக நிற்கும் வரை ஓடவிட்டு அப்புறம் வைக்கிறேன்.

அரம் பிடிக்கப் பழகியதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம். இதில் கொஞ்சம் நின்று சொல்கிறேன். என் செயின் .325 வகை (கண்ணி இடைவெளி, அங்குலத்தில்), அதற்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். 3/8 செயினுக்கு இது பொருந்தாது, அதற்கு 5.2. பாரைக் கட்டையில் வெட்டிய ஒரு காடியில் செருகி நிறுத்திக்கொள்வேன். பல்லின் மேல்பக்கத்தில் 30 டிகிரி சாய்வுக் கோடு ஒன்று பொறித்திருக்கும், அரம் அந்தக் கோட்டுக்கு இணையாக ஓட வேண்டும். தள்ளும்போதுதான் அறுக்கும். திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். நான் பல் விளக்குவதுபோல முன்னும் பின்னும் தேய்த்து இரண்டு அரத்தை வீணாக்கினேன். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு, எல்லாப் பல்லுக்கும் அதே மூன்று. ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் அஞ்சு என்று போனால் வெட்டு பிறை மாதிரி வளையும். வளைகிறதென்றால் பாரைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். அஞ்சாறு முறை தீட்டிய பிறகு பல்லுக்கு முன்னால் நிற்கிற சின்ன மேட்டையும் தட்டை அரத்தால் குறைக்க வேண்டும். பல்லின் கூரைவிட அது 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும், அளவுத்தகடு 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கண்ணளவில் குறைத்தால் மிஷின் மரத்தைக் கடித்துக்கொண்டு துள்ளும்.

எப்போது தீட்டுவது என்பதற்கு வாள் கீழே கொட்டுவதைக் கையில் எடுத்துப் பார்த்தால் போதும். தேங்காய்த் துருவல் மாதிரி விழுந்தால் சரி. ரவையானால் சீக்கிரம் தீட்டுங்கள். மாவானால் ஏற்கெனவே தாமதம். கட்டையை நெடுக்குவாட்டில் கிழிக்கும்போது மட்டும் நூல் நூலாக வரும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

போன மாசியில் மிஷின் துள்ளுவதையும் பார்த்துவிட்டேன். குவியலில் ஒரு கட்டையை அறுக்கையில் பார் நுனியின் மேல்பக்கம் பின்னால் இருந்த இன்னொரு கட்டையில் பட்டது. கண் சிமிட்டுவதற்குள் மிஷின் முகத்துக்கு நேரே எழும்பியது. முன்கை பிரேக்கில் பட்டுச் செயின் நின்றதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இடது கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருந்தது, அதுவும் ஒரு காரணம். அன்றிலிருந்து குவியலில் வைத்து அறுப்பதே கிடையாது. லுங்கியோடு மிஷினைத் தொடுவதும் இல்லை. கனமான பேண்ட், ரப்பர் பூட்ஸ், காதடைப்போடு வலைமுகம் வைத்த ஹெல்மெட் 1,900 ரூபாய்.

குவியலுக்குப் பதிலாகக் கருவேலங்காலில் ஒரு குதிரை, அதாவது கட்டையை வைத்து அறுக்கிற தாங்கி செய்தேன். மூன்று ஜோடி கால், பெருக்கல் குறி மாதிரி, கால் குறுக்கிடும் இடம் தரையிலிருந்து 28 அங்குலம். போல்ட்டுகளுக்கு 240 ரூபாய். அதில் அஞ்சாறு ஒல்லிச் சவுக்கை ஒன்றாக அடுக்கி, லாரிக்காரர்கள் போடுகிற ராட்செட் பெல்ட்டால் இறுக்கிவிட்டு, மொத்தமாக இரண்டே வெட்டு. இறுக்காமல் அறுத்தால் நடுக்கட்டை உருளும், அது ஆபத்து. இந்த வருஷம் நாலு டன் இரண்டரை நாளில் முடிந்ததற்கு மிஷினைவிடக் குதிரைதான் காரணம் என்று நினைக்கிறேன். டன்னுக்கு ஒரு டேங்கும் கொஞ்சமும் செலவு. டேங்க் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. முதலில் குதிரையை 24 அங்குலத்தில் செய்தேன், குனிந்து குனிந்து இடுப்பு போனது. உங்கள் உயரத்துக்கு அளந்து செய்யுங்கள்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் 8,200 ரூபாய் மிஷினை வாங்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். அதைத் திறந்து பார்த்துத்தான் எல்லாம் தெரிந்துகொண்டேன். ஆனால் டேப்பை முதல் நாளே எடுத்திருப்பேன். இரண்டு செயினை மாற்றி மாற்றிப் போடுவதையும் அன்றே ஆரம்பித்திருப்பேன், வெயிலில் நின்று தீட்ட வேண்டியதில்லை. வேலிப் பூவரசை அறுப்பதற்கு முன் பட்டையைக் கொத்திப் பார்த்திருப்பேன். எந்தக் காலத்திலோ அடித்த முள்கம்பியை மரம் விழுங்கி வைத்திருந்தது, பொறி பறந்து ஆறு பல் ஒரே நொடியில் போனது.

பழைய மிஷின் பம்பு மாற்றி, 18 அங்குல பாரோடு தென்னைக்கென்று கொட்டகையில் இருக்கிறது. சேற்று வேலைக்கு அதுதான். பாமணியாற்றங்கரையில் சாய்ந்து கிடக்கும் புளியமரம் மூன்றடி விட்டம். அதில் நான் கை வைக்கப் போவதில்லை. மாமாவிடம் சொல்லியிருக்கிறேன், உளுந்து பிடுங்கி முடித்ததும் 382ஐ எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார்.